எதிரிக்கு அண்ணன் முகம்

பட்டினப்பாக்கத்தில் படகு எஞ்சின் மெக்கானிக் ஜான் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஆனால் ஜான் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. "சிலை செய்யறாங்களே எஸ்தர், அவுங்க அண்ணன்" என்றுதான் ஆரம்பிப்பான். எஸ்தர் யாரென்று வந்தவருக்குத் தெரியவில்லை என்றால், அதை விளக்கி முடிக்காமல் எஞ்சின் மூடியில் கை வைக்க மாட்டான். அவசரத்தில் வரும் படகுக்காரர்கள் இதற்காகவே, "தெரியும்பா, உன் தங்கச்சிதானே, நல்லா செய்யுது" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

ஜான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எஸ்தர் பன்னிரண்டாவது முடித்து ஓவியக் கல்லூரிக்குப் போனாள். அவர்கள் தெருவிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவள்தான். மீன் கூடை சுமந்த அம்மாவுக்கு, மண்ணைப் பிசைவதற்கும் ஒரு காலேஜ் இருக்கிறது என்பதைப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டது ஜான்தான். "அதுங்கூட ஒரு படிப்பாடா?" என்று அம்மா கேட்டபோது, "கடக்கரைல நிக்குற சிலைங்க அல்லாம் வானத்துலர்ந்தா வுழுந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டான்.

படிப்பு முடிந்ததும் எஸ்தர் கோடம்பாக்கம் பக்கம் ஒரு சிலைக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை கை. தலைவர்கள் சுட்டுவிரல் நீட்டி நிற்பார்களே, அந்தக் கை. வேறு ஒருவர் தலையைச் செய்வார், இன்னொருவர் சட்டை மடிப்பைச் செய்வார், பீடத்தில் கூடத்துக்காரரின் பெயர் ஏறும். ஊர் ஊராக நாற்சந்திகளில் நீண்டிருக்கும் விரல்களில் எத்தனை தன் தங்கையுடையவை என்று ஜானுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருமுறை கடலூருக்கு எஞ்சின் சாமான் வாங்கப் போனவன், பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரரைத் தட்டி எழுப்பினான்.

"சார், அந்தச் சிலை பாருங்க. அந்தக் கை எந்தங்கச்சி செஞ்சது."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "அப்போ தலை?"

"தலை வேற ஆளு சார். நீங்க கையைப் பாருங்க. நகத்துக்கு அடியில சதை கூட கீது."

ஜானின் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். இத்தனை விரல்கள் நீட்டிய அவள் பெயர் ஒரு பீடத்திலும் இல்லை. "ஒரு தபா, ஒரே ஒரு தபா, எஸ்தர்னு கல்லுல வெட்டியிருக்கிறதைத் தடவிப் பார்த்துட்டேன்னா போதும்" என்று தன் சிநேகிதன் ஷஃபியுல்லாவிடம் சொல்வான். ஐஸ் வண்டி ஓட்டும் ஷஃபியுல்லா, "அவ பேருதானே, நானே சுவத்துல எழுதறேன் வா" என்று கேலி செய்வான்.

ஒருநாள் எஸ்தர் சிலைக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். ஏன் என்று ஜான் கேட்கவில்லை. தன் தகரக் கொட்டகையில் பாதியைக் காலி செய்தான். தொங்கிக்கொண்டிருந்த எஞ்சின்களை ஒரு பக்கமாக நகர்த்தி, ஸ்பேனர்களை அளவு வாரியாக இன்னொரு பலகையில் மாட்டி, தரையில் சிந்தியிருந்த டீசல் வாசம் போகும்வரை சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். "களிமண்ணுல எண்ணெ பட்டா ஆகாது இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கொட்டகையில் எஸ்தர் முதலில் செய்தது, மாதா கோயில் திருவிழாச் சப்பரத்துக்கு ஒரு மிக்கேல் சம்மனசு, பிசாசை வென்ற வானதூதர். சம்மனசின் காலடியில் பிசாசு. பச்சை உடம்பு, பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு. சப்பரம் சாந்தோம் வீதியில் வந்தபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் சுஹாஸ் என்ற இளைஞன் இருந்தான். அடையாற்றில் சந்திரோதயா காலனி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சம்மனசை எல்லோரும் பார்த்தார்கள். சுஹாஸ் பிசாசையே பார்த்துக்கொண்டு நின்றான். மறு வாரம் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டான்.

அந்தப் பெரியவர் கல்யாணராமன். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் கேப்டன் நிரஞ்சன், எல்லையில் நடந்த சண்டையில் இறந்துபோனவன். சுஹாஸும் நிரஞ்சனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். காலனிப் பூங்காவில் நிரஞ்சனுக்கு ஒரு சிலை வைக்கச் சங்கம் தீர்மானித்திருந்தது.

"வெறுமனே நின்னுண்டிருந்தா போறாதும்மா" என்றார் கல்யாணராமன். "கொலுவில மகிஷாசுரமர்த்தினி பொம்மை பார்த்திருப்பியே? காலுக்குக் கீழே அசுரன் கிடப்பானோன்னோ. அந்த மாதிரி வேணும். என் பிள்ளை கால் அவன் மார் மேலே இருக்கணும்."

"எதிரின்னு பார்த்ததுமே தெரியணும்" என்றான் சுஹாஸ். "உங்க பிசாசு மாதிரி. அது டாப்."

எஸ்தர் தலையாட்டினாள். ஜான் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். "சார், பீடத்துல... செஞ்சவங்க பேரு போடுவீங்களா?"

"ஏன் போடாம? தாராளமா போடலாமே" என்றார் கல்யாணராமன். ஜான் அன்று சாயங்காலமே ஷஃபியுல்லாவுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

எஸ்தர் எதையும் பார்க்காமல் மண்ணைத் தொடுகிறவள் அல்ல. அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கடற்கரைச் சாலையின் வடகோடியில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். ஜான் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கல்லில் இருந்த எழுத்துகளையெல்லாம் விடாமல் வாசித்தான். திரும்பி வந்தவனுக்கு ஒரு சந்தேகம்.

"இன்னா எஸ்தரு, எந்தெந்தச் சண்டைன்னு எழுதிக்கீது. ஆனா யார் கூட சண்டை போட்டாங்களோ அவன் ஒருத்தன்கூட இல்லியே?"

"அதைத்தான் நானும் தேடறேன் ண்ணா" என்றாள் எஸ்தர். அடுத்தடுத்த நாட்களில் போனில் தேசம் தேசமாக நினைவுச் சின்னங்களைத் தேடி அவனுக்குக் காட்டினாள். சிலவற்றில் எதிரியே இல்லை. சிலவற்றில் எதிரிக்குப் பதில் உடைந்த துப்பாக்கி, கவிழ்ந்த தொப்பி. சிலவற்றில் அவன் பாம்பாகவும் பறக்கும் மிருகமாகவும் இருந்தான். மனிதனாக இருந்த இடங்களில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான், அல்லது குப்புறக் கிடந்தான்.

"மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறாங்களே" என்றான் ஜான்.

"காட்டினா யாருன்னு கேப்பாங்க இல்ல" என்றாள் எஸ்தர்.

வேலை ஆரம்பித்தது. முதலில் கம்பிக்கூடு, அதன்மேல் களிமண். மண் உருவத்தை வந்து பார்த்து அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அச்சு எடுத்து வார்க்க முடியும். நிரஞ்சனின் முகத்துக்குப் புகைப்படங்கள் இருந்தன. நிற்கும் உடம்புக்கு ஜிம்முக்குப் போகும் ஷஃபியுல்லாவை எஸ்தர் பிடித்தாள். அவன் மச்சான் செக்யூரிட்டி வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பூட்ஸ் கால்களுக்கு வந்தது. கீழே கிடப்பதற்கு ஆள் வேண்டுமே என்று அவள் யோசிப்பதற்குள் ஜான் சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

ஷஃபியுல்லா அவன் மார்பின் மேல் காலை வைத்தான். வைத்தான் என்று சொல்வது தவறு, மேலே பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஷஃபி ண்ணா, காலு பொய் சொல்லுது" என்றாள் எஸ்தர். "அழுத்துங்க."

"நான் அழுத்தினா இவன் பொண்டாட்டி என் கழுத்தை அழுத்துவா மே."

"மிதி மச்சி" என்றான் ஜான் கீழிருந்து. "பரோட்டா துன்ன இல்ல, மிதி."

ஷஃபியுல்லா மிதித்தான். பாரம் இறங்கியதும் ஜானின் மூச்சு நின்றது. அவனை அறியாமல் வலது கை எழுந்து அந்தக் கணுக்காலைப் பற்றியது. "அப்படியே! அப்படியே இருங்க ரெண்டு பேரும்!" என்று எஸ்தர் கத்தினாள்.

இப்படிப் பல நாள். கடற்கரையில் விஷயம் பரவிவிட்டது. எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்றே, "இன்னா ஜானு, எந்த பார்டர்லர்ந்து வந்துக்கினுகீற?" என்பார்கள். மீன் கடைக் குப்பம்மா, "ஏய், எதிரி நாட்டுக்காரனுக்கு வஞ்சிரம் கிடையாது, சாளைய எடுத்துக்கினு போ" என்று பையைத் திருப்பிக் கொடுத்தாள். ஜான் எல்லாவற்றுக்கும் சிரித்தான். தன் தங்கை வேலைக்காக ஊரே பேசுகிறது, இதைவிட என்ன வேண்டும்?

உடம்பு முடிந்தது. எதிரியின் தலைக்குச் சப்பரத்துப் பிசாசின் முகத்தைத்தான் வைப்பதாக ஏற்பாடு. ஒருநாள் காலையில் ஜான் கொட்டகைக்குள் நுழைந்தபோது, பிசாசின் முகம் ஓரமாகக் கிடந்தது. மண் உடம்பின் மேல் இருந்தது அவனுடைய தலை. அவனுடைய மூக்கு, அவனுடைய தாடை. ஜான் குனிந்து இடது புருவத்தைப் பார்த்தான். எஞ்சின் விசிறி பட்டுக் கிழிந்த தழும்பு அங்கேயும் இருந்தது.

"தழும்புகூட கரிக்டா கீதே" என்று வாய்விட்டே சொன்னான். பெருமையில் கொஞ்ச நேரம் வேறு எதுவும் தோன்றவில்லை. பிறகுதான் ஓரமாகக் கிடந்த பிசாசின் பக்கம் திரும்பினான். "ஏய் எஸ்தரு. அவுங்க கேட்டது பிசாசு."

"வெச்சுப் பார்த்தேன் ண்ணா. உன் தோளு மேல அது ஒட்ட மாட்டேங்குது. அந்த மாதிரி மூச்சு முட்டுற நெஞ்சு பிசாசுக்கு ஏது?"

"பேரு போடறேன்னு சொல்லிக்கீறாங்க. இப்ப போய் மாத்தினா..."

"பிசாசை மிதிக்கிறது சம்மனசு வேலை. அவரு புள்ள மனுசன் ண்ணா. மனுசன் கூடத்தான் சண்டை போட்டு செத்தாரு. வந்து பார்க்கட்டும், நான் சொல்றேன்."

அவள் சொல்லிப் பார்க்கட்டும் என்று ஜான் விட்டுவிட்டான். ஆனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. களிமண் காயாமல் ஈரத் துணி போர்த்துவது தினமும் அவன் பொறுப்பு. அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பழைய துணி நாறுகிறது என்று அன்று எல்லாவற்றையும் துவைத்துப் போட்டான். நிரஞ்சன் உருவத்துக்கு மெல்லிய வேட்டித் துணி சுற்றினான். எதிரியின் முகத்துக்கு வந்தபோது, ஈரத் துணி மண்ணில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மூக்கு நுனி பெயர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். ஐஸ் பெட்டியில் மீன்மேல் கோணி ஒட்டாமல் இருக்க நடுவில் வலை விரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். புது நைலான் வலைத்துண்டு ஒன்றை எடுத்து முகத்தின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் நனைத்த கோணியை மடித்துப் போட்டான். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் இன்னொரு ஈரக் கோணி. திருப்தியாக இருந்தது. எஸ்தரிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பானா?

மறுநாள் காலையில் கல்யாணராமனும் சுஹாஸும் வந்தார்கள். எஸ்தர் நிரஞ்சன் உருவத்தின் மேலிருந்த துணியை விலக்கினாள். கல்யாணராமன் கையை மகனின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"காது" என்றார் கடைசியில். "அவன் காது இப்படித்தான் கொஞ்சம் விடைச்சுண்டிருக்கும். போட்டோவில அது தெரியாதே. எப்படிம்மா?"

"உங்க காதைப் பார்த்தேன் சார்" என்றாள் எஸ்தர்.

ஜானுக்கு நெஞ்சு விரிந்தது. அதே உற்சாகத்தில் கோணிகளை எடுத்தான், வலையை உரித்தான். உரித்த கை அப்படியே நின்றுவிட்டது. நெற்றி, கன்னம், தாடை எங்கும் வலைக்கண் பதிந்திருந்தது. சின்னச் சின்னக் கட்டமாக, முகம் முழுக்கச் செதில்.

"வாவ்!" என்றான் சுஹாஸ். "அங்கிள், பாருங்கோ. செதில்! பாம்பு மாதிரி. இது பிசாசைவிட நன்னாருக்கே!"

கல்யாணராமன் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஆமாம்" என்றார். "இதுதான். மனுஷ ஜாடையா இருக்கு, ஆனா மனுஷன் இல்லைன்னு தெரியறது. இப்படியே இருக்கட்டும்மா. இனிமே ஒண்ணையும் தொடாதே. நாளைக்கே அச்சு எடுத்துடு. பேரையும் எழுதிக் குடு, கல்லுக்காரன்கிட்ட சொல்லிடறேன்."

ஜானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் தவறே தங்கையைக் காப்பாற்றிவிட்டது. அவள் காதருகில் போய், "ஆண்டவராப் பார்த்துக் குடுத்தது எஸ்தரு. வாயத் திறக்காத, வுட்டுடு" என்றான்.

எஸ்தர் வலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீயா போட்ட?"

"துணி ஒட்டிக்கக் கூடாதுன்னு..."

அவள் கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு இழுப்பில் செதில்கள் ஒரு வரிசை மறைந்தது.

"என்னம்மா பண்றே? வேண்டாம்னேனே!"

"சார், இது எங்க அண்ணன் துணிக்கு அடியில போட்ட மீன் வலை. நான் செஞ்சது இல்ல. என் பேரு போடறேன்னு சொல்றீங்க. நான் செய்யாததை வெச்சுக்கிட்டு எப்படி சார் பேரு போட்டுக்கிறது?"

"அவன் என் பிள்ளையைக் கொன்னவன்!"

"தெரியும் சார்" என்றாள் எஸ்தர். விரல் நிற்கவில்லை. கன்னம் வழுவழுப்பாயிற்று. புருவத்துத் தழும்பை மட்டும் சுற்றி விட்டுவிட்டுத் தடவினாள். செதிலுக்குள்ளிருந்து ஜான் வெளியே வந்தான்.

கல்யாணராமன் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். சுஹாஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவர் பின்னால் ஓடினான். மறுநாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. மன்னிக்கணும், சங்கத்தில் வேறு இடத்தில் ரெடிமேட் சிப்பாய் சிலை பார்க்கச் சொல்கிறார்கள்.

"போச்சு" என்றான் ஜான். "கைல வந்தது. ஒரு வார்த்தை சும்மா இருந்தா போதும், நீ எதுக்கு..." எஸ்தர் எதிரியின் கையில் நகங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேலை போன பிறகும் வேலை நிற்கவில்லை. கடலூர் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினானே, அதே மாதிரி நகங்கள்.

இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினான். அவன் திட்டம் எளிது. கல்யாணராமனைப் பார்த்து, "அதே வலைய நானே திரும்பப் போட்டுடறேன் சார், அவ கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அடையாற்றில் இறங்கி, காலனியைக் கண்டுபிடித்து, மாடி ஏறி, மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்த கல்யாணராமன் ஒரு அடி பின்னால் போனார். ஜானுக்குக் காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. அவர் மகனைக் கொன்றவனின் முகம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"நான்... சிலை செய்யறாங்களே எஸ்தர், அவுங்க அண்ணன் சார்."

"தெரியறது" என்றார் அவர். கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு ஒதுங்கினார். "உள்ளே வா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவரே உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஜான் குடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த வலை..."

"மார்லே கால் வெச்சப்போ வலிச்சுதா?"

ஜான் திகைத்தான். கேள்வி கேட்டால் அரைகுறையாகப் பதில் சொல்ல அவனுக்கு வராது. "வலிச்சுது சார். மொதல்ல ஷஃபி பாரம் போடலை. அப்புறம் போட்டான். இந்த எடத்துல." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "வலின்னுகூடச் சொல்ல முடியாது. மூச்சு வெளிய போச்சு, உள்ள வரல."

"அப்போதான் காலைப் பிடிச்சியா?"

"ஆமா சார்."

"எதுக்குப் பிடிச்சே? தள்ளவா? விட்டுடுன்னு கெஞ்சவா?"

ஜான் யோசித்தான். தரையில் கிடந்த அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்தான். "ரெண்டும் இல்ல சார். மூச்சு போறப்போ கை எதையாவது புடிக்கப் பார்க்கும். கடல்ல வுழுந்தவனும் அப்படித்தான். படகு கெடச்சா படகு, கயிறு கெடச்சா கயிறு. ஒண்ணும் கெடைக்கலன்னா பக்கத்துல இருக்கிறவன் சட்டை. யாருன்னுலாம் கை பார்க்காது."

கல்யாணராமன் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே பூங்காவில் யாரோ நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

"அவன் கூட இருந்தவா எல்லாம் வந்து பேசினா. தைரியமா இருந்தான், சட்டுனு போயிடுத்துன்னா. எல்லாரும் அதேதான் சொல்றா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்தப்போ அவன் கைக்கு ஏதாவது கிடைச்சிருக்குமான்னு மட்டும் யாரும் சொல்லலை. நானும் கேக்கலை."

ஜான் டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வருமே என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்து, தான் வந்த காரியம் நினைவுக்கு வந்து எழுந்தான்.

"சார், நான் வந்தது... நானே அந்த வலைய..."

"நாளைக்குக் காலம்பற வரேன்" என்றார் கல்யாணராமன். "மண்ணு காயாம துணி போட்டு வை. வலை வேண்டாம்."

எதற்காகப் போனான் என்பதை ஜான் தங்கையிடம் மறைக்கவில்லை. கேட்டதும் அவள் கையிலிருந்த களிமண் உருண்டையை அவன் மேல் எறிந்தாள். இஸ்திரிச் சட்டை பாழாயிற்று. கல்யாணராமன் கடைசியாகச் சொன்னதை அவன் சொல்லி முடித்தபோது, இரண்டாவது உருண்டையை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமும் மண்ணாயிற்று.

சொன்னபடி மறுநாள் வந்த கல்யாணராமன், அந்த முகத்தை அப்படியே அச்சு எடுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் சங்கத்தில் சும்மா முடியவில்லை. எதிரி இவ்வளவு பலசாலியாக இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பக்கத்து பிளாட்டில் இருந்த ஹம்சா டீச்சர், "பார்த்தா எழுந்துடுவான் போலன்னா இருக்கு" என்றார்.

"எழுந்திருக்க மாட்டான்" என்றார் கல்யாணராமன். "மேலே நிக்கறது யாருன்னு பாருங்கோ. நோஞ்சானை மிதிச்சுண்டு நிக்கறதுக்கு என் பிள்ளை எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?" சங்கம் ஒத்துக்கொண்டது. ஒரு திருத்தம் மட்டும் கேட்டார்கள், எதிரியின் சட்டையில் எந்த நாட்டு அடையாளமும் இருக்கக் கூடாது என்று. எஸ்தர் அதை முதலிலிருந்தே வைக்கவில்லை.

திறப்பு விழா அன்று பட்டினப்பாக்கத்திலிருந்து ஷஃபியுல்லாவின் ஐஸ் வண்டியில் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. மிடுக்காக நிற்கும் கேப்டனின் உடம்பைக் காட்டி, "கழுத்துக்குக் கீழ அல்லாம் நாந்தான்" என்று ஷஃபியுல்லா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். குப்பம்மா கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ஐய, அப்படியே நம்ம ஜானு. கடனுக்கு மீன் கேக்கறப்போ இருக்கிற அதே மூஞ்சி" என்றாள். கல்யாணராமன் மகனுக்கு மாலை போட்டார். போட்டுவிட்டுப் போகாமல் நின்று, கணுக்காலைப் பற்றியிருந்த அந்தக் கையின் மேல் விழுந்திருந்த ஒரு பூவை எடுக்கப் போனார். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜான் முதலில் பீடத்தின் பின்பக்கம்தான் போனான். கறுப்புக் கல்லில் 'சிற்பி: எஸ்தர்' என்று வெட்டியிருந்தது. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினான். 'ஸ்' மேலிருக்கும் புள்ளி ஆழமாக விழுந்திருக்கிறதா என்று நகத்தை விட்டுப் பார்த்தான். கைக்குட்டையை எடுத்து எழுத்துகளுக்குள் இருந்த கல்தூளைத் துடைத்தான். பிறகு, தான் துடைத்ததை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

முன்பக்கம் போட்டோ எடுக்க எஸ்தரைக் கூப்பிட்டார்கள். அவள் தனியாக நிற்க மாட்டேன் என்று அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள். விருந்தினராக வந்திருந்த ஒரு பெண்மணி சிலையைப் பார்த்தார், ஜானைப் பார்த்தார், மறுபடி சிலையைப் பார்த்துவிட்டு அரண்டு போய், "இவர்... இவர் யாரு?" என்று கேட்டார்.

சுஹாஸ் சிரித்துவிட்டான். "இவர்தான் ஆன்ட்டி, எதிரி."

ஜான் கும்பிட்டான். "ஆமாங்க, எதிரிதான்" என்றான். "செஞ்சது எந்தங்கச்சி."